ஜெரால்டு அனுப்பிய பார்சல்

காலையில் செல்வமேரியின் போன் பேசியது.

"யம்மா, நான் ஜெரால்டு. உனக்கொரு பார்சல் வந்துருக்கு. முகவரி சரியில்லையாம். மெசேஜ்ல வந்த லிங்க்கைத் தொட்டுச் சரிபண்ணும்மா."

மகன் ஜெரால்டு கடலில் மூழ்கி இறந்து இரண்டு வருஷமாகிறது. மோசடிக்காரர்கள் இப்போதெல்லாம் வீட்டு ஆளின் குரலில்தான் வருகிறார்கள், கண்ணுகளா.

"இந்த நம்பர இன்னுமா பிளாக் பண்ணல?" என்றாள் ஜெரால்டின் மனைவி டெல்பின். "தொட்டீங்கன்னா பேங்க்ல கிடக்குறது பூரா போயிரும் அத்தை."

"தொடமாட்டேன்டி. நாம எதுவுமே ஆர்டர் போடலையே, எனக்குத் தெரியாதா? சும்மா கேட்டுட்டு வச்சிருவேன்."

"நல்லா கேட்டீங்க போங்க!"

டெல்பின் போனைப் பிடுங்கினாள். நம்பரைத் தடுக்க விரலைக் கொண்டுபோனாள்.

"டெல்பினு சாப்பிட்டாளாம்மா?" என்று கேட்டது போன்.

அவள் லிங்க்கைத் தொட்டாள்.