டாங்கிக்குள் ஐந்து பேர்

ஜெசிந்தா டாங்கியைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டினாள்.

உள்ளே ஏதோ உருண்டது.

மறுபடி ஆட்டினாள். பிளாஸ்டிக்கில் உலோகம் இடிக்கிற சின்னச் சத்தம்.

காலையில்தான் கூரியரில் வந்திருந்தது. ஜெர்மன் டைகர் டாங்கியின் சின்ன மாதிரி. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வண்டி, இப்போது இரண்டு உள்ளங்கைகளில் உட்கார்ந்திருந்தது. உடுமலையில் யாரோ செய்து வைத்திருந்ததை இணையத்தில் விலைக்குப் போட்டிருந்தார்கள். மண் நிறப் பூச்சு. சக்கரச் சங்கிலியில் காய்ந்த சேறு. பக்கவாட்டில் மரத்தில் உரசியது போல் ஒரு கீறல்.

மூடிகளைத் திறக்க முடியவில்லை. ஒன்று விடாமல் பசை போட்டு ஒட்டியிருந்தது.

ஜெசிந்தா பல் டாக்டர். திண்டுக்கல்லில் சொந்த கிளினிக். அதன் பின்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் பதினோரு டாங்கிகள். பதினொன்றும் ஜெர்மன்.

“ஏன்க்கா, உலகத்துல வேற டாங்கியே இல்லையா? ஹிட்லர் வண்டியாப் பாத்துப் பாத்து வாங்குற?” என்று தம்பி ஒருமுறை கேட்டிருக்கிறான்.

“பாக்க அழகா இருக்குடா.”

சொன்னதும் அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

மதியம் நோயாளிகள் யாரும் இல்லை. டாங்கியை எக்ஸ்ரே அறைக்குத் தூக்கிப் போனாள். வரவேற்பில் இருந்த பஷீரா டாங்கியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கடைவாய்ப் பல்லைப் படமெடுக்கிற கருவி. ஒரு தடவைக்குத் தீப்பெட்டி அளவுதான் விழும். இடம் மாற்றி மாற்றி எட்டுப் படம் எடுத்தாள். கணினித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தினாள்.

பிளாஸ்டிக் வெறும் சாம்பல் நிழலாகிப் போயிருந்தது.

நிழலுக்குள் வெள்ளையாக ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவனுக்குப் பின்னால் இன்னொருவன், முழங்காலை மடக்கிக்கொண்டு. வண்டியின் முன்பக்கம் இரண்டு பேர். ஐந்தாமவன் தரையில் குப்புறக் கிடந்தான்.

உருண்டது அவன்தான்.

யார் இப்படிச் செய்வார்கள்? உலோகத்தில் ஆள் வார்த்து, இருக்கையில் உட்காரவைத்து, அப்புறம் யாருமே பார்க்க முடியாதபடி மூடி ஒட்டுவார்களா?

கூரியர் பெட்டியில் இருந்த எண்ணுக்கு அடித்தாள். வயதான ஓர் ஆண் குரல்.

“நானில்லைங்க, செஞ்சதெல்லாம் என் சம்சாரம். இருங்க, குடுக்கறேன்.”

அந்த அம்மாள் பெயர் விமலாதேவி. இயற்பியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“வண்டி பத்திரமா வந்துச்சுங்களா?”

“வந்துச்சும்மா. உள்ள ஒருத்தர் மட்டும் கழண்டு கிடக்காரு.”

“அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?”

எக்ஸ்ரே எடுத்ததைச் சொன்னாள். விமலாதேவி சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

“எந்தப் பக்கங்க கிடக்கறான்?”

“பீரங்கிக்கு வலது பக்கம்.”

“அப்ப குண்டெடுத்துப் போடறவன். அவனுக்குத்தான் பசை சரியாப் பிடிக்கலைங்க.”

“ஏம்மா ஒட்டி மூடிட்டீங்க?”

“வண்டின்னா உள்ள ஆளிருக்கோணும்ல? உக்கார வெச்சேன். சட்டைக்கு, தொப்பிக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சேன். முகத்துக்கு வந்தப்பத்தாங்க கை ஓடல. கொலைகாரனாட்டப் போடறதா? என்ற கிளாஸ்ல உக்காந்திருந்த பசங்களாட்டப் போடறதா? எப்படி நெனச்சாலும் பாதிப் பொய்யாத் தெரிஞ்சுது. ஒரு வருசம் அப்படியே வெச்சிருந்தேன். அதுக்குள்ள கண்ணு போயிருச்சு. ஓரம் தெரியும், நேராப் பாக்கறது தெரியாது. முகமில்லாம எத்தன நாளைக்கு உக்கார வெக்கறது? மூடிட்டேன்.”

ஜெசிந்தா திரையில் இருந்த ஐந்து வெள்ளை உருவங்களையும் மறுபடி பார்த்தாள்.

“இனி அது உங்களுதுங்க. வேணும்னா திறந்துக்கங்க,” என்றார் விமலாதேவி. “முகம் போட்டீங்கன்னா எனக்கொரு போன் பண்ணுங்க. எப்படிப் போட்டீங்கன்னு கேட்டுக்கறேன்.”

பற்கறை சுரண்டுகிற மெல்லிய கருவியால் பசையைக் கீறினாள். முக்கால் மணி நேரம் ஆனது. மேல் கூண்டின் கூரை ஒரு துண்டாகக் கழன்று வந்தது.

உள்ளே எல்லாம் இருந்தது. வரிசையாகக் குண்டுகள். இருக்கைக்குத் தோல் நிறம். சட்டைகளில் ஊசி முனையளவு பித்தான்கள்.

தரையில் கிடந்தவனை இடுக்கியால் எடுத்தாள். தொப்பிக்குக் கீழே வெறும் ஈயம். மூக்கு இருந்த இடத்தில் ஒரு மேடு. வாய் இருந்த இடத்தில் ஒரு கோடு.

டாங்கிகளைத் தொட்டுச் சரிசெய்ய வைத்திருந்த பெயிண்டில் முகத்தின் நிறத்தைக் குழைத்தாள். மிக மெல்லிய தூரிகையை நனைத்தாள்.

கை நின்றது.

இந்த வண்டியின் எடை தெரியும். இரும்புத் தகட்டின் கனம் தெரியும். எந்த வருடம் எந்த ஆற்றங்கரையில் எத்தனை நின்றன என்று தெரியும்.

உள்ளே இருந்தவனுக்கு எத்தனை வயது இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

“டாக்டர்,” பஷீரா கதவைத் தட்டினாள். “ஞானப்பல் எடுக்க ஒருத்தர் வந்திருக்காரு. ரொம்ப வலியாம்.”

கையைக் கழுவி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு போனாள். சாய்வு நாற்காலியில் ஓர் இளைஞன் படுத்திருந்தான். இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்திருந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மேலுதட்டில் வியர்வை.

வழக்கமாக அவள் பார்ப்பது வாயைத்தான். பல்லைப் பார்த்து ஆளை நினைவு வைத்துக்கொள்கிறவள்.

விளக்கை இழுத்தாள்.

“வயசு என்ன தம்பி?”

“பத்தொம்பது, மேடம்.”

சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவனாகவே வாயைத் திறந்தான்.

“வாய் அப்பறம்,” என்றாள். முகக்கவசத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

“கொஞ்ச நேரம் என்னைப் பாருங்க.”