பத்தொன்பதாவது துளி

ஆய்வகக் குழாய் ஒன்றில், எண்ணெய்க்குள் லட்சம் நீர்த்துளிகள் மிதந்துகொண்டிருந்தன. துளிக்கு ஒன்று வீதம் மரபணு குடியிருந்தது. அது புரதம் செய்ய வேண்டும். புரதம் திறமையாக வேலை பார்த்தால் துளி ஒளிரும். ஒளிர்கிற துளிகளை மட்டும் இயந்திரம் பொறுக்கி எடுக்கும்.

அதில் ஒரு மரபணுவுக்கு இது பத்தொன்பதாவது துளி. ஒவ்வொரு சுற்றிலும் ஜெயித்து, நகலாகி, ஓரிரு மரபெழுத்து மாறி, அலுத்துப்போய் வந்து சேர்ந்திருந்தது.

"என்னங்க, சும்மா இருக்கீங்க? ஆரம்பிங்க, ஜெயிக்கணும்ல?" என்றது துளி.

"இந்தத் தடவை மங்கலாவே இருந்துடுவோமே. எனக்கு முடியலை."

"ஐயோ! ஒளிராததையெல்லாம் கொட்டிருவாங்களாமே?"

மரபணு துளியின் ஆசையைப் பார்த்துவிட்டு, புரதம் செய்யத் தொடங்கியது.

துளி பச்சையாக ஒளிர்ந்தது. "பாருங்க, நம்மளத்தான் எடுக்கிறாங்க!" என்று கூத்தாடியது. எடுத்தார்கள். மரபணுவை வெளியே எடுப்பதற்காக, வழக்கம்போல் துளியை உடைத்தார்கள்.

இருபதாவது துளி ஆவலாகக் கேட்டது: "போன துளி எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லா ஒளிர்ந்துச்சு" என்றது மரபணு. அதற்குமேல் அது எந்தத் துளியிடமும் சொன்னதில்லை.