ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தவள்

“ஒர்க்‌ஷாப்லேர்ந்து வர்றீங்களா? நல்ல வேளை. பையை வச்சிட்டு இந்த ஜாக்கைக் கொஞ்சம் பிடிங்க.”

காருக்கு அடியிலிருந்து சறுக்கி வெளியே வந்த பெண், ஷெட் வாசலில் நின்றவளை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி உள்ளே போய்விட்டாள்.

வந்தவள் விழித்தாள். தையல் மெஷின் பழுது பார்ப்பவள் அவள். கடைத்தெருவில் எல்லோருக்கும் மெஷினக்கா. தோளில் கருவிப்பை தொங்கியது வாஸ்தவம்தான். ஆனால் வந்த காரியம் வேறு. மனைவியை இழந்த இந்த வீட்டுக்காரரும் அவளும் கல்யாணம் செய்துகொள்வதாகப் பேசி மூன்று மாதம் ஆகிறது. மகளிடம் இன்று சாயங்காலம் அறிமுகப்படுத்துவதாக அவர் சொல்லியிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில், பரீட்சை எழுத வந்தவள்போல ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார மெஷினக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. அவர் வெளியே போகும் நேரமாகப் பார்த்து, மகளிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசிவிடலாம் என்று காலையிலேயே கிளம்பி வந்துவிட்டாள்.

‘நான் அந்த ஆள் இல்லை’ என்று வாயெடுப்பதற்குள், “பிடிச்சிட்டீங்களா?” என்று குரல் வந்தது.

“பிடிச்சிட்டேன்” என்றாள் மெஷினக்கா.

அதோடு உண்மையைச் சொல்லும் வாய்ப்பு கைநழுவிப் போயிற்று.

மகளைவிட வயது கூடிய கார் அது. ஆறு வருடம் நின்ற இடத்திலேயே நின்றதில் இன்ஜின் இறுகிவிட்டது. வெளியே தூக்கிப் பிரித்தால்தான் வழி. பானெட்டையும் ரேடியேட்டரையும் மகள் ஏற்கெனவே கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தாள். ஷெட்டின் உத்தரத்தில், இன்ஜினைத் தூக்குவதற்கான செயின் பிளாக் தொங்கியது.

ஒயர்களைக் கழற்றும் வேலை மெஷினக்காவிடம் வந்தது. எது எங்கே போகும் என்று பின்னால் குழம்பக் கூடாதே என, பையிலிருந்த நூல்கண்டுகளை எடுத்து, ஒயருக்கும் அது இருந்த இடத்துக்கும் ஒரே நிறத்தில் நூல் கட்டிக்கொண்டே வந்தாள்.

“நல்ல யோசனையா இருக்கே. உங்க ஒர்க்‌ஷாப்ல இப்படித்தான் பண்ணுவீங்களா?”

“ம்... எல்லாரும் பண்ண மாட்டாங்க.”

கியர்பாக்ஸோடு இன்ஜினைச் சேர்க்கும் கடைசி போல்ட் மட்டும் துருவேறி மக்கர் செய்தது. ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி மகள் ஏறி மிதிக்கப் போனாள்.

“வேண்டாம்மா, போல்ட் தலை உடைஞ்சிடும். எண்ணெய் விட்டுட்டு உக்காரலாம். அதுபாட்டுக்கு இறங்கட்டும்.”

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

“யார் ஓட்டின கார் இது?”

“எங்கம்மா. அப்பாவுக்கு ஸ்கூட்டரே தகராறு.”

அந்த ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன அனுபவம் மெஷினக்காவுக்கு உண்டு. சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“சாயங்காலம் ஒருத்தங்க வர்றாங்கக்கா. அப்பா கட்டிக்கப் போறவங்க” என்றாள் மகள். “அவங்க வரும்போது நான் காருக்கு அடியில இருப்பேன். கையெல்லாம் கிரீஸா இருந்தா, வாங்க, உக்காருங்கன்னு உபசாரம் பண்ண வேண்டாம் பாருங்க.”

மெஷினக்கா மெல்லக் கேட்டாள்: “அவங்க மேல கோபமா?”

“கோபம்னு இல்ல. அப்பா இப்பல்லாம் சட்டைக்கு இஸ்திரி போடுறார். குளிக்கும்போது பாடுறார். கர்ண கொடூரமா இருக்கும், ஆனாலும் கேக்க சந்தோஷமாத்தான் இருக்கு.” ஸ்பேனரைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தாள். “அம்மா சாமானெல்லாம் வச்சது வச்ச இடத்துலயே இருக்கு. வர்றவங்க முதல்ல இந்தக் காரைத்தான் தூக்கிப் போடச் சொல்வாங்க. நீங்களா இருந்தா என்னக்கா பண்ணுவீங்க?”

மெஷினக்கா நகக்கண்ணில் ஏறியிருந்த கரியைச் சுரண்டினாள்.

“எனக்குக் கார் ஓட்டத் தெரியாதும்மா” என்றாள் கடைசியில். “நீ இதை ஓட வச்சு, ஏறிக்கோங்கன்னு கூப்பிட்டா ஏறிக்குவேன். முன் சீட்டெல்லாம் வேண்டாம். பின்னாடி உக்காந்துக்குவேன்.”

மகள் எழுந்து போய் ஸ்பேனரை மாட்டி இழுத்தாள். போல்ட் முனகிக்கொண்டே திரும்பியது.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. ஒருத்தி செயினை இழுக்க, மற்றவள் எங்கும் இடிக்காமல் தாங்கிக்கொடுக்க, விரற்கடை விரற்கடையாக மேலேறிய இன்ஜின் ஒருவழியாக அந்தரத்தில் தொங்கியது. இரண்டு பேர் முகத்திலும் கரி.

இனியும் மறைப்பது மெஷினக்காவுக்குத் துரோகமாகப் பட்டது. “ஒரு விஷயம் சொல்லணும்மா. நீ நினைக்கிற ஆள் நான்...”

கேட் திறந்தது. இரண்டு கையிலும் பைகளோடு உள்ளே வந்த அப்பா, ஷெட்டைப் பார்த்ததும் அடித்துவைத்த முளைபோல் நின்றார்.

“ஏம்ப்பா அங்கேயே நின்னுட்டீங்க? சோப்பும் துண்டும் எடுத்துட்டு வாங்க” என்றாள் மகள்.

அவர் மறு பேச்சில்லாமல் உள்ளே ஓடினார். மெஷினக்கா கேட்டை எட்டிப் பார்த்தாள். “ஐயோ, அந்த ஒர்க்‌ஷாப் ஆள் இப்ப வந்து நின்னா...”

“யாரு வரப்போறா?” மகள் கந்தல் துணியை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை அவளிடம் நீட்டினாள். “மூணு மாசமா அப்பா ஃபோனைத் திறந்தாலே உங்க படம்தான். நான் எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் சொல்லவே இல்லையே, சித்தி.”