கண்ணை மூடிக்கிட்டு ஏறும்

தம்பியின் புது வண்டியை அண்ணன்காரர் எட்டி உதைத்தார். பெரிய உதையெல்லாம் இல்லை, முன் டயரில் செருப்புக் காலோடு ஒன்று. தெருவில் இருந்த அத்தனை ஜன்னலும் திறந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது.

"வயித்தெரிச்சல்தான், வேறென்ன?" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரம்மா, பட்டன் தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு வாசலுக்கு வந்து.

அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. இரண்டு பேர் வண்டியும் ஒரே கம்பெனி. நாலு சக்கரமும் இழுக்கிற முரட்டு ஜாதி. ஆனால் அண்ணனுடையது ஆகக் கீழ் மாடல். பின்பக்கம் இரும்புக் கூரைகூடக் கிடையாது, கித்தான் மூடாக்குதான். மலைத் தோட்டத்து வீட்டிலிருந்து இறங்கி வந்ததில் மூடாக்கு வரைக்கும் சேறு அப்பியிருந்தது.

தம்பியுடையது டாப் மாடல். தினமும் ஷாம்பு குளியல். அது இதுவரை ஏறிய ஒரே மேடு, தெருமுனை வேகத்தடை.

"வாங்கண்ணே. அம்மா எப்படி இருக்காங்க?" என்று சிரிக்கப் பார்த்தார் தம்பிக்காரர்.

"இருக்காங்க." அண்ணன் சிரிக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "இதுல இருக்கிற எதெல்லாம் என் வண்டியில இல்ல? ஒண்ணொண்ணா சொல்லு."

மாடியிலிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்தார். "என்னங்க, தோட்டத்துக்கு வண்டியைக் கேக்கத்தான் அடி போடுறாரு. வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க." ரகசியமாகத்தான் சொன்னார், நாலு வீட்டுக்குக் கேட்டது.

"உங்க வண்டி யாருக்கும்மா வேணும்? பதில் போதும்," என்றார் அண்ணன், தலையைத் தூக்காமலே.

தம்பிக்காரருக்கு வண்டிப் புராணம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அதிலும் தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது விடுவாரா? பானெட்டைச் செல்லமாகத் தட்டிவிட்டு ஆரம்பித்தார்.

"முதல்ல டிஃப் லாக். உங்க வண்டியில ஒரு சக்கரம் சகதியில சும்மா சுத்துச்சுன்னா அவ்வளவுதான், நகராது. இதுல ஒரு பட்டனை அமுக்கினா அடுத்த சக்கரம் பிடிச்சு இழுத்துடும்."

"சத்தமா சொல்லு."

"இழுத்துடும்ணே."

"தோட்டத்து மோட்டார் சத்தத்துல காது போயிருச்சு போல, பாவம்," என்று உச்சுக் கொட்டினார் தையல்காரம்மா.

"ஓடையில தண்ணி இடுப்பளவு ஓடுது. என் வண்டி நடுவுல நின்னுடும். உன்னோடது?"

"இந்தக் குழாய் எதுக்கு இருக்கு?" தம்பி பக்கவாட்டில் கூரை வரை ஏறிய கறுப்புக் குழாயைத் தடவினார். "இன்ஜினுக்கு மூச்சு மேல இருந்து போகுது. இடுப்புத் தண்ணியெல்லாம் இதுக்குக் கால் கழுவற மாதிரி."

"பாதையில மரம் விழுந்து கிடந்தா?"

"முன்னாடி வின்ச் இருக்கே. கம்பியை மரத்துல மாட்டிப் பட்டனைத் தட்டினா, அதுவே இழுத்து ஓரமாப் போட்டுடும். உங்க மாடல்ல கயிறு கட்டுற கொக்கிகூடக் கிடையாது. நான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?"

பக்கத்து வீட்டு வக்கீல் செய்தித்தாளை மடித்தே விட்டார். அண்ணன்காரருக்குக் கோபம் என்றால் அப்படியொரு கோபம். அடுத்த உதை டயருக்கு இல்லை என்றுதான் தெருவே நினைத்தது.

"நல்ல மழை. இருட்டு. நம்ம வீட்டு மேடு. ஏறுமா ஏறாதா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? கண்ணை மூடிக்கிட்டு ஏறும்."

"இன்னும் சத்தமா."

"ஏறும்ணே, ஏறும். தெருவுக்கே கேட்டாச்சு, போதுமா?" தம்பிக்கும் இப்போது சூடு ஏறிவிட்டது. "உங்களால வாங்க முடியலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"போன வாரம் அம்மாவுக்கு மூச்சுத் திணறுதுன்னு போன் பண்ணினேனே. என் வண்டி ஓடையில நின்னு போச்சு, நீ எடுத்துட்டு வாடான்னு கெஞ்சினேனே. என்னடா சொன்ன? அந்தப் பாதையில எந்த வண்டியும் ஏறாது, விடிஞ்சதும் பார்க்கலாம்னு சொன்னியா இல்லியா?"

தையல்காரம்மாவின் ஊசி பாதித் துணியில் நின்றது. மாடியில் தலை மறைந்தது.

தம்பிக்காரர் திறந்திருந்த ஜன்னல்களை ஒரு சுற்று பார்த்தார். அன்றைக்கு முதல்தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, தப்புதான். அன்னைக்கு ஏதோ சோம்பல். புது வண்டி, சேறு... இதை அம்மாகிட்ட மட்டும் போய்ச் சொல்லிடாதீங்க."

"நான் சொன்னா நம்பிடுவாங்களா? தோள்ல தூக்கிக்கிட்டு மலை இறங்கினது நான். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் உனக்குத்தான் வக்காலத்து. 'பாவம்டா சின்னவன், வர வழியிருந்தா வராம இருப்பானா'ன்னு."

தம்பி தலை குனிந்தார். அப்போது, சேறு படிந்த கித்தானுக்குப் பின்னாலிருந்து மூச்சு வாங்கி வாங்கி ஒரு குரல் வந்தது.

"கேட்டுட்டேன். வண்டியை எடு, பெரியவனே."