தடை நீக்கம்

"உங்கம்மா பக்கத்தை நானும் தேடித் தேடிப் பார்த்துட்டேன். அந்தப் பேர்ல ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க. உங்க நண்பர்கள் பட்டியல்லயும் அவங்களைக் காணோமே, ஏன்?" என்று போனில் கேட்டாள் மேரிம்.

எர்மெக்குக்குக் காது சூடாகிவிட்டது. "அவங்க அதெல்லாம் அவ்வளவா பாக்க மாட்டாங்க."

"கதை விடாதீங்க. தயிர் உருண்டையும் கம்பளிச் செருப்பும் நேரலையில விக்கிறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நாளைக்கு எனக்குத் தோடு போட்டு நிச்சயம் பண்ண வர்றாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வணக்கமாவது சொல்ல வேண்டாமா? அவங்க பக்கத்தை அனுப்பி வைங்க."

"சரி, அனுப்பறேன்" என்று போனை வைத்தான்.

சமையலறையில் எர்மெக்கின் அம்மா துர்சுனை, மாவு பிசைந்துகொண்டிருந்தாள். காலையில்தான் சொந்த ஊரான நாரினிலிருந்து மினிபஸ்ஸில் தலைநகர் பிஷ்கெக் வந்து இறங்கினாள். வந்த கையோடு மகனின் வாடகை வீட்டைக் கழுவித் துடைத்து, மேரிம் வீட்டுக்கு எடுத்துப்போகப் பலகாரத்துக்கும் உட்கார்ந்துவிட்டாள். பேச்சுதான் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. பஸ் அலுப்பாக இருக்கும் என்று எர்மெக் நினைத்துக்கொண்டான்.

அவன் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அம்மாவை பிளாக் பண்ணியதே அவன்தான். போன குளிர்காலத்தில் கறுப்புக் காரில் சாய்ந்து நின்று, கோட்டும் டையுமாக ஒரு படம் போட்டிருந்தான். கீழே வாழ்த்துகள் குவிந்தன. எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வந்தவன், நடுவில் அம்மா எழுதியிருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டான். "கண்ணு, வெளியிலயே நின்னுட்டிருக்காதே, கால் மரத்துப்போகும். குல்லா போட்டுக்கோ. நேரத்துக்குச் சாப்பிட விடுறாங்களா?"

யார் கண்ணிலும் படுவதற்குள் அதை அழித்தான். மறுபடி எழுதினால் என்ன செய்வது என்று பயம் வந்தது. அன்று மாலையே அம்மாவைத் தடுத்தான். பிறகு ஊரிலிருந்து அவள் போனில் பேசும்போது, "அந்தக் கணக்கையே மூடிட்டேன்மா, வேலை ஜாஸ்தி" என்று ஒரு பொய்யும் சொல்லிவைத்தான். அம்மா "சரிப்பா" என்றதோடு சரி.

இப்போது பிளாக் பண்ணியவர்களின் பட்டியலைத் திறந்தான். லாட்டரி விழுந்திருக்கிறது என்று எழுதிய மோசடிக்காரன், ஆபாசப் படம் அனுப்பிய எவனோ ஒருத்தன், இவர்களுக்கு நடுவே வெள்ளைத் தலைத்துணியில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அங்கேயே கூசிப்போய்விட்டது. அவசரமாகத் தடையை நீக்கினான்.

நீக்கிவிட்டு அம்மாவின் பெயரைத் தேடினான். அதே பெயரில் யார் யாரோ வந்தார்கள், அம்மா மட்டும் இல்லை. திரும்பத் தேடினான். திரும்பவும் அதேதான்.

உள்ளே போய், "அம்மா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க" என்றான்.

துர்சுனையின் கை மாவிலேயே நின்றது. "எதுக்குப்பா?"

"மேரிம் உங்களைச் சேர்த்துக்கணுமாம்."

"அந்தப் பொண்ணு பேரை எழுதிக் குடு. நானே சேர்த்துக்கறேன்."

"ஒரு நிமிஷம்தான்மா, குடுங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, மனசில்லாமல் போனை நீட்டினாள். அதில் அவன் தன் பெயரைத் தேடினான். இல்லை. எதற்கும் பார்ப்போம் என்று அவளுடைய தடைப் பட்டியலைத் திறந்தான்.

ஒரே ஒரு பெயர் இருந்தது. பக்கத்தில் காரில் சாய்ந்தபடி அவன் படம்.

"அம்மா, என்னை நீங்க பிளாக் பண்ணியிருக்கீங்க."

"ஆமா."

"தெரியாமக் கை பட்டிருக்கும், இல்ல?"

"கை படலை. பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட எப்படின்னு கேட்டு, நான்தான் பண்ணினேன்."

அவன் ஸ்டூலை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தான். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மாவைப் பார்த்தே பேசினான்.

"என் மேல கோபம் வந்தது நியாயம்தான்மா. நீங்க எழுதினதை அழிச்சது நான்தான். கணக்கை மூடிட்டேன்னு சொன்னதும் பொய். உங்களைத்தான் பிளாக் பண்ணியிருந்தேன். நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்களோன்னு வெக்கப்பட்டேன். பெத்த அம்மாவை நினைச்சு வெக்கப்பட்டேன்."

துர்சுனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம்தான் தெரிந்தது.

"நீயும் பண்ணியிருந்தியா? எனக்குத் தெரியாதே."

"தெரியாதா?"

"நான் எழுதினதை நீ அழிச்சதும் தெரியாது. அதுக்கெல்லாம் யாராவது பெத்த பிள்ளையைத் தள்ளிவைப்பாங்களா?"

"பின்னே ஏம்மா பண்ணீங்க?"

அவள் மாவை ஒரு ஓரமாகத் தள்ளினாள். அவன் கண்ணைப் பார்க்காமல், ஏதோ தப்பு செய்துவிட்டவளைப் போலத் தணிந்த குரலில் பேசினாள்.

"என் பையன் பேங்க் மேனேஜருக்குக் கார் ஓட்டுறான், ஒரு கீறல் விழாம ஓட்டுறான்னு நேரலையில வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன் கண்ணு. நீ படம் போட்ட அன்னிக்கே அதைப் பார்த்துட்டு, 'அவனே மேனேஜராமே, அது அவன் சொந்தக் காராமே'ன்னு அவங்க கேட்க ஆரம்பிச்சதும் எனக்கு வெக்கமாப் போச்சு. நாளைக்கு நான் தோடு போடப்போற பொண்ணுக்காவது அது யார் காருன்னு தெரியுமா?"