மஞ்சள் கார்டுக்கு ரசீது

அதிகாரி ஒரு தாளை என் முகத்துக்கு நேரே நீட்டி, இது உன் கையெழுத்துதானா என்று இந்தியில் கேட்டார்.

தாராவியில் ஒரு சந்தின் வாயில் நின்றுகொண்டிருந்தோம். கடப்பாரைக்காரர்கள் எட்டுப் பேர் குழாயடியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். டீ போட்டுக் கொடுத்தது அந்தச் சந்துப் பெண்கள்தான். வீட்டை இடிக்க வந்தவனுக்கும் டீ கொடுக்கிற ஜனங்கள் அவர்கள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். ‘முப்பிடாதியம்மாள், குழாயடி முதல் வீடு, தாராவி. இவரிடமிருந்து மஞ்சள் கார்டு ஒன்று பெற்றுக்கொண்டேன். வானமாமலை.’ தேதி 1965 ஜூன்.

என் கையெழுத்தேதான். இரண்டு வருடத்துக்கு முந்தியது.

டிராமை நிறுத்திய மறுவருடம் அது. தாராவி, மாட்டுங்கா, வடாலா, செம்பூர் எல்லாவற்றையும் சேர்த்து எந்த வழியில் பஸ் விடலாம் என்று கணக்கெடுக்க பஸ் ஆபீஸிலிருந்து எங்களை அனுப்பினார்கள். நான் தற்காலிக குமாஸ்தா. வயது இருபத்து மூன்று. பம்பாயையே நான்தான் ஓட்டப் போகிறேன் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு நடந்த நடையை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

வேலை சுலபம். காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குக் கார்டு கொடுப்போம். பேட்டைக்கு ஒரு நிறம். போய்ச் சேருகிற இடத்தில் தகரப் பெட்டி இருக்கும். அதில் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் பெட்டியைத் திறந்தால் யார் எங்கே போகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

நான் குடியிருந்த மாட்டுங்காவில் ஒரு கார்டு தவறவில்லை.

தாராவிக்கு மஞ்சள். செம்பூர்ப் பெட்டியில் பேருக்குக்கூட ஒரு மஞ்சள் இல்லை. எங்கள் கணக்குப்படி தாராவியில் கிளம்பிய நூற்றுப் பன்னிரண்டு பேர் எங்கேயுமே போய்ச் சேரவில்லை.

அத்தனை பேரும் செம்பூர் தொழிற்சாலைகளுக்கு தினமும் நடந்தே போய் நடந்தே திரும்புகிறவர்கள். மழை வந்தால் முழங்கால் தண்ணீரில். மறுநாள் மத்தியானத்துக்குள் கார்டு வராவிட்டால் அந்த வழிக்கு பஸ் கிடையாது என்று மேலதிகாரி அனந்தகிருஷ்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓடினேன்.

முப்பிடாதியம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினாள். கல்யாணச் சேலையின் மடிப்புக்குள் மஞ்சள் கார்டு. சந்து முழுக்க அப்படித்தான் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். ரேஷன் கார்டுகூடக் கிடைக்காத சந்து அது.

“சர்க்கார் சீல் இருக்குல்லா சார்வாள். நாளைக்கு எவனாச்சும் இடிக்க வந்தா, நாங்க இங்கனதான் கெடக்கோம்னு காட்ட ஒரு காகஜ், ஒரு தாளு வேண்டாமா?”

கார்டில் வெறும் நம்பர்தான் இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, திருப்பித் தந்தால் பஸ்ஸாவது வரும் என்றேன்.

“பஸ் வரட்டும். போய்ட்டுத் திரும்பி வர வீடு இருக்கணும்லா? வாங்கிக்கிட்டேன்னு பேரும் வீடும் போட்டு எழுதிக் குடுங்க. தாரேன்.”

பையில் ஆபீஸ் பெயர் அச்சடித்த தாள் கட்டு இருந்தது. அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

பஸ் வந்தது. முதல் நாள் முன்கண்ணாடியில் சாமந்தி மாலை கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் வேலை இல்லை. ஆனாலும் சந்தே ஏறி செம்பூர் வரை போய்த் திரும்பியது. நானும் போனேன். சயான் தாண்டியதும் உப்புக் காற்று அடித்தது. முப்பிடாதியம்மாள் ஜன்னலோரத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த பஸ்ஸிலும் போனதில்லை.

இப்போது அந்த அதிகாரி, சந்துக்காரர்கள் கொடுத்த ஒரு கட்டுத் தாளோடு நிற்கிறார். போன வருடத்துக்கு முன்பிருந்தே குடியிருந்ததற்கு எழுத்து இருந்தால் அந்த வீட்டைத் தொடக் கூடாது, இல்லாவிட்டால் இடிக்கலாம் என்பது அவருக்கு வந்த உத்தரவு. அதற்காகத்தான் என்னை ஆபீஸிலிருந்து வரவழைத்திருந்தார்.

எனக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகும் என்று இருந்தது. யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஆபீஸ் தாளில் எழுதிக் கொடுக்க எனக்கு எவன் அதிகாரம் கொடுத்தான்? ஒன்றிரண்டு என்றால் சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான் என்று விட்டுவிடுவார்கள். பயமாகத்தான் இருந்தது.

முதல் தாளுக்கு ஆமாம் என்றேன்.

அவர் அடுத்ததை எடுத்தார். ஜெயினுலாப்தீன், தோல் பட்டறைக்குப் பின் வீடு. ஆமாம். பேராச்சி, வேப்பமரத்து வீடு. ஆமாம். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தார்.

நாற்பத்து நான்காவது தாளில் என் கையெழுத்தை யாரோ என்னைவிட நன்றாகப் போட்டிருந்தார்கள்.

அன்று நாற்பத்து மூன்று ரசீது எழுதியதும் பெருமழை பிடித்துக்கொண்டது. மீதிப் பேரிடம் கார்டை மட்டும் வாங்கிக்கொண்டு, நாளைக்கு வந்து எழுதித் தருகிறேன் என்று தாள் கட்டை முப்பிடாதியம்மாளிடம் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. முதல் நாள் பஸ்ஸில்கூட ஒருவரும் என்னிடம் ரசீது கேட்கவில்லை.

முப்பிடாதியம்மாள் குழாயடியில் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிச்சக் கட்டைத் தூக்கிக் காட்டி, இதெல்லாம்? என்றார்.

நூற்றுப் பன்னிரண்டும் நான் எழுதியதுதான் என்றேன்.