பிறதருக்கு ஞாபகமில்லை
கொட்டாஞ்சேனைப் பங்கு மண்டபத்தின் வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டதும், ஐம்பது வயது தாண்டிய இருவரும் துள்ளி எழுந்து, "குட் மோர்னிங் பிறதர்" என்று ஒரே இராகத்தில் சொல்லிவிடுகிறார்கள். சொன்ன பிறகுதான் டெஸ்மனின் முகம் கறுக்கிறது. "நாய் மாதிரி எழும்பிட்டம், மச்சான்" என்கிறான் எட்வினிடம். சிறுவயதில் விடுதியின் உடுப்பறைக் கதவைப் பூட்டிவிட்டு அதை நடத்திய துறவியான இந்தக் கிழவர் தங்களுக்குச் செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டுமென்று இருவரும் திருச்சபைக்கு இரண்டு வருடமாகக் கடிதம் எழுதி, இன்றுதான் குறிப்பெடுக்க ஒரு பாதர் வந்திருக்கிறார். "ஆயிரம் பெடியள் இருந்தவங்கள். இவையள் ஆரெண்டே எனக்குத் தெரியாது" என்கிறார் பிறதர், தேநீரை ஊதியபடி. பாதர் அதைக் கொப்பியில் எழுதுகிறார்.

டெஸ்மன் மேசையைப் புரட்டுகிறான். கோப்பைகள் சுவரில் சிதறுகின்றன. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவன் கை, வெள்ளை அங்கியின் கழுத்தை முறுக்கிக் கிழவரைச் சுவரோடு சாத்துகிறது. "தெரியாதோ? வடிவாப் பார், தெரியாதோ?" பின்தலை சுவரில் மோதும் சத்தம் இரண்டு தரம் கேட்கிறது. "கிழடு செத்துப்போகும், விடடா!" எட்வின் அவன் இடுப்பைக் கட்டி இழுக்கிறான். உதட்டில் இரத்தம் வழிய, கிழவர் பழைய கண்டிப்பான குரலில் கத்துகிறார்: "முப்பத்தொண்டு! கையை எடு!" டெஸ்மனின் பிடி தளர்கிறது. விடுதியில் அவனுடைய சட்டைக் கழுத்தில் தைத்திருந்த இலக்கம் அது. நாற்பது வருடமாக அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நனைந்த கொப்பியைப் பிடித்தபடி பாதர் அசையாமல் நிற்கிறார். "இப்ப எழுதுங்கோ, பாதர்" என்கிறான் எட்வின்.